கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?

நான் பால் விடாத காபி குடிப்பதைப் பார்த்து எனக்குச் சர்க்கரை வியாதி என்று நீங்களாகவே முடிவு கட்டியிருக்கிறீர்கள். போன முறை நம் மெக்கானிக் ஷாப்புக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி ரொம்ப அக்கறையாக என் டம்ளரில் சர்க்கரையே போடாமல் கொண்டுவந்து கொடுத்தாள். கசப்பை விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன். அம்மா, எனக்கு அந்த வியாதி கிடையாது. சர்க்கரை தாராளமாகப் போடலாம். பால்தான் ஆகாது. ஏன் ஆகாது என்று சொல்லப் போனால், உங்களிடம் வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

எஞ்சின் வலுவைக் கூட்ட வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் அதையேதான் கேட்பார்கள். "கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?" இத்தனை குதிரைத்திறன் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் முகம் மலர்ந்துவிடும். அந்த எண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு வலுவை ஏற்றிக்கொள்வார்கள். எஞ்சினுக்கு வலு ஏற்றுவது இன்று லேப்டாப்பில் முடிகிற வேலை. கியர்பாக்ஸ் மட்டும் கம்பெனியிலிருந்து வந்த அதே பழைய பல்சக்கரங்களோடும் அதே பேரிங்குகளோடும் கீழே உட்கார்ந்திருக்கும். செய்தவன் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் செய்திருப்பான். அந்த மிச்சம் நமக்காக விட்டுவைத்தது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அது சூட்டுக்கும், பழசாகிப்போன எண்ணெய்க்கும், குழிவிழுந்த சாலைக்கும், அவசரக்காரன் காலுக்கும் விட்டுவைத்தது. அதை நாம் தின்றுவிட்டால், பிறகு ஏதாவது ஒரு சின்னத் தவறு நேரும்போது அதைப் பொறுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் செத்தால் வண்டி ஓரமாகப் போய் நிற்கும். கியர்பாக்ஸ் ஓட்டத்தில் இறுகினால் அப்படி நிற்காது. முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டியாக இருந்தால் இரண்டு முன்சக்கரமும் பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங் கையில் வெறும் வளையமாகிவிடும். நஞ்சன்கூடு சாலையில் அப்படிப்பட்ட ஒரு வண்டியை இழுத்துவர என்னை அனுப்பியிருக்கிறார்கள். சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். வளைவு வலப்பக்கம் திரும்ப, கோடுகள் நேராகப் புளியமரத்துக்குப் போயிருந்தன. உள்ளே பார்த்தேன். கிளட்ச் பெடல் வளைந்திருந்தது. அந்த மனிதர் கடைசிவரை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கிளட்ச் எஞ்சினைத்தான் பிரிக்கும், இறுகிய கியர்பாக்ஸைச் சக்கரத்திலிருந்து பிரிக்காது. அவர் பிழைத்தாரா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து இந்த வேலையில் எனக்கு ஒரு பயம் உண்டு. அது போகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இனி நந்தகுமார் விஷயம். விஜயநகரில் குடியிருந்த கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கருநீல நிறத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். அதைத் துடைக்கிற துணியை வேறு எதற்கும் தொடமாட்டார். என்னிடம் கேட்டார், நானும் ஒரு எண்ணைச் சொன்னேன். அவர் பெங்களூரில் ஓரிடத்தில் கொடுத்து அந்த எண்ணின் விளிம்பு வரை ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே எஞ்சின் மூச்சிழுக்கப் பெரிய காற்றுக் குழாயும், தெருமுனையிலிருந்தே கேட்கும் சைலன்சரும். ஓட்டிப் பார்த்தேன். சுத்தமான வேலை. கியர் வெண்ணெயாக விழுந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஆயுத பூஜையை நம் மைசூரில் எப்படிக் கொண்டாடுவோம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முந்தின நாள் முழுக்கக் கழுவல். ஷாப்புக்கு வந்துபோகும் வாடிக்கையாளர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். மேல், கீழ், எஞ்சின் என்று ஒன்றும் பாக்கி விடாமல் பிரஷர் தண்ணீரில் அடித்துக் கழுவுவோம். சாமி முன்னால் நிற்கப் போகிற வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் ஒரு வைராக்கியம். மறுநாள் செவ்வந்தி மாலை, வாழைக்கன்று, குங்குமம் தடவிய பூசணிக்காய், சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் வரை எவனும் தொடக்கூடாது.

அன்று நந்தகுமார் மனைவி கவிதாவோடும் சின்னப் பெண்ணோடும் வந்திருந்தார். சக்கரத்தடியில் பழம் வைத்தது நான்தான். பூஜை முடிந்து பழத்தை நசுக்கிக்கொண்டு கார் முன்னேறியது. அப்படியே மாமனார் வீட்டுக்குக் கிளம்புவதாகச் சொன்னார். சாமராஜநகர், ஆசனூர், திம்பம் மலை இறங்கி, சத்தியமங்கலம், கோயம்புத்தூர். பின்சீட்டில் அந்தக் குழந்தை கடலைப்பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கை ஆட்டியது.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அந்த இடத்தைக் கூட்டப் போனவன் நான். நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் அப்படியே கிடந்தன. முன்னால் கிடந்த இரண்டு பழத்துக்கும் நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக, தரையில் நாலைந்து சொட்டு. பால் காபி நிறம்.

சுற்றிலும் எல்லோர் கையிலும் காகிதக் கப்பில் காபி. யார் கையிலிருந்து வேண்டுமானாலும் சிந்தியிருக்கலாம். ஆனால் கியர் எண்ணெயில் தண்ணீர் கலந்தாலும் இதே நிறம்தான் வரும். குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தேன். கற்பூரமும் சாம்பிராணியும் மூக்கை அடைத்திருந்தன, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் பிரகாஷ் நின்றுகொண்டிருந்தான். என்னோடு பல வருஷம் வேலை செய்தவன், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவான்.

"அண்ணா, அது காபி. சும்னே டென்ஷன் ஆகாத," என்றான்.

ஷாப்பை நடத்திய சாவித்ரி மேடமும் அதைத்தான் சொன்னார். பண்டிகைக்குப் போகிற குடும்பத்தை இதற்காகப் போன் போட்டுக் கலவரப்படுத்துவதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அது காபியாக இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்துக்கொண்டே நின்றேன். சர்க்கரை போட்ட காபி என்றால் காயக் காய விரல் ஒட்டும். தேய்க்கத் தேய்க்க என் விரல் வழுக்கியது. காபி இல்லை, எண்ணெய்.

அப்புறம்தான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்டையில் ஏறியது. ஓட்டத்தில் கியர்பாக்ஸுக்குள் சூடு ஏறும்போது காற்று வெளியேற மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு, பிரீதர் என்போம். எல்லா வண்டியிலும் அது கீழ்நோக்கி வளைந்திருக்கும், தண்ணீர் புகாது. இந்தக் காரில் பெரிய காற்றுக் குழாய்க்கு இடம் வேண்டும் என்று அந்தப் பிரீதரைக் குட்டையாக வெட்டி, வாய் மேலே பார்க்கும்படி விட்டிருந்தார்கள். மழைக்கு அது பாதகமில்லை, மேலே பானெட் மூடியிருக்கும். பானெட்டைத் திறந்துவைத்துப் பிரஷர் தண்ணீரில் அடித்தால் நேராக உள்ளேதான் போகும். பக்தியாகக் கழுவியிருக்கிறோம்.

சாதாரண காராக இருந்தால் அப்போதும் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். அதே நாள் கழுவிய, பிரீதர் குழாய் உடைந்திருந்த ஒரு பழைய வாடகை வண்டியிலும் கொஞ்சம் தண்ணீர் புகுந்திருந்தது. அது பல நாள் ஓடி, எண்ணெய் மாற்ற வந்தபோதுதான் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மிச்சம் இருந்தது. நந்தகுமாரின் காரில் அந்த மிச்சத்தை ஏற்கெனவே எடுத்து எஞ்சினுக்குக் கொடுத்தாயிற்று. நான் சொன்ன எண் நல்ல எண்ணெய்க்குச் சொன்னது. தண்ணீர் கலந்த எண்ணெய் நுரைத்துப் பிரீதர் வழியாகவே வெளியே பொங்கும். அப்புறம் உள்ளே பேரிங் வறண்டுபோகும். அதுவும் எங்கே? திம்பத்தில். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. குறைந்த கியரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்தச் சைலன்சர் சத்தத்தில் எங்கே கேட்கும்? சத்தம் கம்பீரமாக இருக்கிறது என்று போன வாரம் அவரிடம் சொன்னவனும் நான்தான். பிக்அப் வண்டியை எடுக்கச் சொன்னேன். ஸ்பேனர் வேண்டும், ஜாக்கி வேண்டும், எல்லாம் பூஜையில் குங்குமத்தோடு இருந்தன. பிரகாஷ் கையை நீட்டிவிட்டுத் தயங்கினான். காபி என்று சொன்ன அதே சாவித்ரி மேடம் என் விரலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போய்ப் பூவை ஒதுக்கி, ஸ்பேனர் பெட்டியைத் தாமே தூக்கிவந்து வண்டியில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தசரா கூட்டம். ரிங் ரோட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போனது. பிரகாஷ் ஓட்டினான், நான் போனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். நஞ்சன்கூடு தாண்டி, அந்தப் புளியமரத்தையும் தாண்டிப் போகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சாமராஜநகர் நெருங்கும்போது திடீரென்று போனை எடுத்தார்கள். கவிதாவின் குரல், இரைச்சலுக்கு நடுவே, விட்டு விட்டு. காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று புரிந்தது. லைன் எந்த நொடியும் போய்விடும்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் நேரம். கியர்பாக்ஸில் தண்ணீர் என்று சொன்னால் அவர் கணவரிடம் சொல்வார், அவர் சரியாகத்தானே ஓடுகிறது என்று அழுத்தி ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வாருங்கள் என்றால் இத்தனை தூரம் அதே எண்ணெயில் திரும்ப ஓட்டுவார். உடனே நிறுத்துங்கள் என்றால் யானை நடமாடும் வளைவில், பின்னால் லாரி வர, நடுரோட்டில் நிறுத்தினாலும் நிறுத்துவார். காரணத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் சொன்னேன்.

"அம்மிணி, மலை எறங்காதீங்க. நாங்க வர்ற வரைக்கும் எறங்கவே வேண்டாமுங்க."

பதில் வரவில்லை. குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மூன்று மொழியிலும் மாற்றி மாற்றிச் சொன்னது. நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா? குழந்தை ஏன் அழுதது? பிரகாஷை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

புணஜனூர் செக்போஸ்ட்டில் கேட்டோம். பண்டிகை நாளில் எத்தனை கார் போயிருக்கும், யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றார் அங்கிருந்தவர். காட்டுக்குள் ஒவ்வொரு வளைவிலும் நான் சாலையில் கறுப்புக் கோடுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இருந்தன. இரட்டைக் கோடு, வளைவைவிட்டு விலகிப் புதருக்குள். பிரகாஷ் வண்டியை நிறுத்துவதற்குள் குதித்து ஓடினேன். லாரிச் சக்கரத்தின் அகலம், என்றைக்கோ விழுந்த பழைய கோடு. புதருக்குள் ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிரகாஷ்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

ஆசனூரும் போனது. திம்பத்தில் மலை இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சாலையோரம் ஒரு டீக்கடை. கார் கண்ணில் படுவதற்கு முன்னால் சைலன்சர் காதில் பட்டது. அப்போதுதான் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பிரகாஷ் பிக்அப்பைக் கொண்டுபோய் அந்தக் காரின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினான்.

நந்தகுமார் கோபமாக இறங்கினார். எங்களைப் பார்த்ததும் கோபம் குழப்பமாக மாறியது. விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது, கியர் எல்லாம் விழுகிறது என்றார். அதுவும் உண்மைதான். நானே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்த்தேன், விழுந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. நாலு சொட்டை வைத்துக்கொண்டு இத்தனை தூரம் ஓடிவந்திருக்கிறேனே, ஒருவேளை காபிதானோ?

அப்போது அவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"கோயம்புத்தூர் வரைக்கும் தாங்குமாண்ணா? மெதுவாவே போறேனுங்க."

"தெரியலைங்க தம்பி," என்றேன். "எனக்குத் தெரியலை. அதனாலதான் விடமாட்டேன்."

அவர் சாவியை விடவில்லை. எண்ணெயை இறக்கிக் காட்டுகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, கடைக்காரரிடம் ஒரு காலி டின் வாங்கி அடியில் வைத்தோம். ஸ்பேனரில் குங்குமம் அப்படியே இருந்தது. அடியில் இருக்கும் திருகைக் கழற்றினேன். முதலில் கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்புறம் நுரையோடு கொட்டியது. வீட்டில் கலக்குகிற பால் காபி மாதிரியே இருந்தது. வரவேண்டியதில் பாதி கூட வரவில்லை, மீதி வழியிலேயே பொங்கிப் போயிருந்தது. திருகின் நுனியில் இருக்கும் காந்தத்தில் மயிர் மயிராக இரும்புத் தூள். அதோடு பேரிங் குண்டுகளைப் பிடித்துவைக்கும் கூட்டிலிருந்து உடைந்த ஒரு துண்டு. அதைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும். சரியான நேரத்தில் சரியான வாக்கியத்தைச் சொல்லிவிட்டோம் என்று. கவிதாவிடம் போய், போனில் நான் சொன்னதைக் கேட்டு நிறுத்தினீர்களே, பெரிய காரியம் அம்மா என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்க பேசுனது ஒண்ணுமே கேக்கலைங்ணா. யாருன்னுகூடத் தெரியலை. பாப்பா என்னமோ நாத்தம் அடிக்குதுன்னு வழியெல்லாம் அழுதா. நாங்க சக்கரத்துல எலுமிச்சம்பழம் ஒட்டியிருக்கும்னு நெனச்சு அவளை அதட்டிட்டோம். வாந்தி எடுத்துட்டா. அதான் இங்க நிறுத்துனோம்."

ஓட்டத்தில் பொங்கிய எண்ணெய் சூட்டில் காய்ந்த நாற்றம் அது, கார் நின்று ஆறியதில் நாங்கள் வருவதற்குள் அடங்கியிருந்தது. முட்டை அழுகியது போல இருக்கும், உங்களுக்குத் தெரியும். என் மூக்குக்கு எட்டாதது அந்தக் குழந்தையின் மூக்குக்கு எட்டியிருக்கிறது. எட்டியும் பெரியவர்கள் அதட்டியிருக்கிறார்கள். வாந்தி வராமல் இருந்திருந்தால், அல்லது இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால், நாங்கள் வந்து சேர்ந்தபோது டீக்கடை காலியாக இருந்திருக்கும். நான் சொன்ன அந்த அருமையான வாக்கியம் காட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது.

பூஜைக்கு முந்தின நாள் குழாயில் தண்ணீர் அடிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வண்டியின் பிரீதர் வாயிலும் பிளாஸ்டிக் கவர் கட்டவேண்டும் என்று நம் ஷாப்பில் சொல்வது அதற்குப் பிறகு வந்த பழக்கம். நீங்கள் அதைக் கிண்டல் செய்வது எனக்குத் தெரியும். கிண்டல் செய்துகொண்டே கட்டுங்கள். வலு ஏற்ற வருகிறவர் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால், எண்ணைச் சொல்வதற்கு முன்னால் பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

சாமராஜநகரிலிருந்து வந்த சத்தியமங்கலம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி அவர்களை ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் குழந்தை உட்கார்ந்துகொண்டு, காலையில் ஆட்டியது போலவே எனக்குக் கை ஆட்டியது. பஸ் முதல் வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வளைவில் ஹாரன் அடித்தது கேட்டது. அதற்கடுத்த வளைவிலும் கேட்டது.

டின் இன்னும் காருக்கடியிலேயே இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இரண்டு கிளாஸில் சூடாகக் காபி கொண்டுவந்து வைத்தார். மேலே நுரை கட்டியிருந்தது. பிரகாஷ் எடுத்துக் குடித்தான். நான் கிளாஸைக் கையில் எடுத்தேன், வாய்வரை கொண்டுபோனேன். பிறகு கீழே வைத்துவிட்டு, பால் விடாமல் ஒன்று போட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன்.